ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய ரோபோவில் எது போயிருக்கும்?

கேள்வி: சார், நான் ஈரோடு பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடுகிற லைன் ஃபாலோயர் ரோபோ ஒன்று செய்தேன். அதில் மூளையாக ஆர்டுயினோ யூனோ போர்டு (நீளமான சிப்பைக் கழற்றி மாட்டுகிற வகை), மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்க எல்298என் மோட்டார் டிரைவர் போர்டு, இரண்டு மஞ்சள் கியர் மோட்டார், ஐஆர் சென்சார்கள், எதிரே வரும் தடையைக் கண்டுபிடிக்க ஒரு எச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசானிக் சென்சார் இருக்கின்றன. பேட்டரிக்கு இரண்டு 18650 லித்தியம் செல்லைத் தொடராக இணைத்திருக்கிறேன். டிரைவரின் 5 வோல்ட் முனையிலிருந்து யூனோவின் 5 வோல்ட் பின்னுக்கு ஒரு ஒயர் போகிறது. போன வாரம் பேட்டரியைக் கழற்றாமலேயே டிரைவரின் ஸ்க்ரூவை இறுக்கினேன். ஸ்க்ரூடிரைவர் வழுக்கி மூன்று ஸ்க்ரூக்களையும் உரசியது. பெரிய பொறி, லேசாகக் கருகல் வாடை. இப்போது யூனோவை லேப்டாப்பில் செருகினால் ஆன் விளக்கு மங்கலாக எரிகிறது, யூஎஸ்பி பக்கம் சுடுகிறது, லேப்டாப் போர்டைக் கண்டுகொள்வதே இல்லை. அடுத்த மாதம் போட்டி. புது யூனோ வாங்கி மாட்டினால் போதுமா? மற்றதையெல்லாம் நம்பலாமா? என்னிடம் ஒரு சாதாரண மஞ்சள் மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: தம்பி, புது யூனோ வாங்குங்கள். ஆனால் அதை இந்த ரோபோவில் இப்போதைக்கு மாட்டாதீர்கள். ஷார்ட் ஆன ரோபோக்களைப் பார்க்கும்போது முதல் விபத்தில் போன போர்டு என்னை அவ்வளவாக வருத்துவதில்லை. "இது போய்விட்டது, புதியதை மாட்டிப் பார்ப்போம்" என்று மாட்டி, அதே நொடியில் போகிற இரண்டாவது போர்டுதான் மனதைக் கஷ்டப்படுத்துகிறது. அதைத் தடுக்க முடியும். உங்கள் மஞ்சள் மீட்டரே அதற்குப் போதும்.

யூனோவை லேப்டாப்பில் செருகிப் பார்ப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். யூஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பாலிஃபியூஸ் இருக்கிறது, 500 மில்லி ஆம்பியர் அளவு. அதற்கு மேல் கரன்ட் இழுத்தால் அது சூடாகித் தன் தடையை உயர்த்திக்கொண்டு கரன்ட்டைக் குறைக்கும். ஆறியதும் பழையபடி ஆகிவிடும். நீங்கள் உணர்ந்த சூடு அதனுடையது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். ஆனால் அது எல்லாவற்றையும் காப்பாற்றாது. பேட்டரியும் இணைப்பில் இருந்து, 5 வோல்ட் லைனில் பேட்டரியின் 8 வோல்ட் ஏறினால், அது யூஎஸ்பி கேபிள் வழியாகப் பின்னோக்கி லேப்டாப் வரை போகவும் வழி இருக்கிறது.

போர்டுக்கு முன்னால் செல்களைப் பாருங்கள். இந்த ரோபோவில் உங்களைக் காயப்படுத்தக்கூடிய பொருள் அவைதான். 18650 செல் ஒன்று முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஷார்ட் ஆனால் பல ஆம்பியர் கரன்ட்டை யோசிக்காமல் கொட்டும். இரண்டையும் ஹோல்டரிலிருந்து எடுத்து, மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை கிழிந்திருக்கிறதா, பிளஸ் முனைப் பக்கம் ஈரம் கசிந்திருக்கிறதா, இனிப்பும் காரமுமான ஒரு கெமிக்கல் வாடை வருகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு வெளியே, எரியாத இடத்தில் தனியாக வையுங்கள். சார்ஜ் போடவே கூடாது. அப்புறம் மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள், குப்பைத் தொட்டி வேண்டாம். பார்க்க நன்றாக இருந்தால் வோல்ட் அளவுங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லையும் ஒதுக்குங்கள். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல் என்றால் ஷார்ட்டில் அது தன்னை அணைத்துக்கொண்டு 0 வோல்ட் காட்டும். சார்ஜரில் வைத்ததும் எழுந்துவிடும். உறையில் அப்படி எதுவும் எழுதியில்லாத சாதாரண செல் 0 காட்டினால் அது முடிந்தது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். உங்கள் டிரைவரில் மூன்று ஸ்க்ரூ வரிசையாக இருக்கின்றன: ஓரத்தில் 12 வோல்ட் என்று எழுதிய இடம் (அங்கேதான் உங்கள் 8 வோல்ட் பேட்டரி), நடுவில் கிரவுண்ட், மறு ஓரத்தில் 5 வோல்ட். ஸ்க்ரூடிரைவர் இவற்றின் மேல் உரசியபோது இரண்டு வேறு விபத்துகள் நடந்திருக்கலாம். இரண்டையும் நாம் 'ஷார்ட்' என்றே சொல்லிவிடுகிறோம்.

ஒன்று, பேட்டரி பிளஸ் கிரவுண்டில் பட்டது. பொறி வந்தது இதனால்தான். கரன்ட் முழுவதும் பேட்டரி, ஒயர், சுவிட்ச், ஸ்க்ரூடிரைவர் என்று ஒரு சுற்றுக்குள்ளேயே ஓடிவிடுகிறது. அந்த நேரத்தில் போர்டுக்குக் கிடைக்கிற வோல்ட் குறைந்துவிடும். அதனால் சிப்புகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. செல், சுவிட்ச், பேட்டரி ஒயர் ஆகியவைதான் அடிவாங்கும். சுவிட்சின் உள்ளே உள்ள தகடு கருகியிருக்கலாம். ஒயரின் மேலுறை உருகியிருக்கலாம். கருகல் வாடை அங்கிருந்தே வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, ஸ்க்ரூடிரைவர் கிரவுண்டை விட்டு விலகி, பேட்டரி பிளஸ்ஸையும் 5 வோல்ட் முனையையும் மட்டும் தொட்ட கணம். இதில் பொறி பெரிதாக இருக்காது, சத்தமும் இருக்காது. ஆனால் 5 வோல்ட் லைன் முழுவதும் 8 வோல்ட் ஏறிவிடும். மேலே மடை உடைந்தால் கீழே இருக்கிற எல்லா வயலிலும் தண்ணீர் ஏறுகிற மாதிரி, அந்த லைனில் தொங்குகிற எல்லாப் பொருளுக்கும் ஒரே நேரத்தில் அடி. நீங்கள் சொல்கிற அறிகுறிகள் இந்த இரண்டாவது விபத்தைத்தான் காட்டுகின்றன. பொறி பறந்த இடத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் சேதம் கண்ணில் படாது.

அந்த 8 வோல்ட் எங்கெல்லாம் போயிருக்கும் என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். சந்தேகப் பட்டியல் தானாக வரும். டிரைவரில் இருக்கிற எல்298 சிப்புக்கு இரண்டு சப்ளை உண்டு. மோட்டார் பக்கம் 46 வோல்ட் வரை தாங்கும், அதற்கு 8 வோல்ட் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் யூனோவின் கட்டளைகளை வாங்குகிற லாஜிக் பக்கத்தின் உச்ச வரம்பு 7 வோல்ட். ஆகவே அது சந்தேகத்துக்குரியது. யூனோவின் 5 வோல்ட் பின் வழியாகப் போனால் பெரிய சிப் ஏடிமெகா328பி, யூஎஸ்பி பக்கத்துச் சிப் ஏடிமெகா16யூ2 இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டுக்கும் உச்ச வரம்பு 6 வோல்ட். இந்த இரண்டும்தான் முதல் குற்றவாளிகள். எச்சி-எஸ்ஆர்04 5 வோல்ட்டுக்கென்று செய்தது, அதுவும் பட்டியலில் சேரும். ஐஆர் சென்சாரில் எல்எம்393 சிப் இருந்தால் அது 36 வோல்ட் வரை தாங்குகிற வகை. அதனால் அவை தப்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மோட்டார்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். யூனோவை லேப்டாப்பில் செருகியபோது டிரைவரிலிருந்து வரும் 5 வோல்ட் ஒயரும் சென்சார் ஒயர்களும் அதிலேயே இருந்தனவா? இருந்திருந்தால், லேப்டாப் கொடுத்த 5 வோல்ட் அந்த ஒயர் வழியாக டிரைவருக்கும் சென்சார்களுக்கும் போயிருக்கும். விளக்கு மங்கியதற்குக் காரணம் யூனோவே அல்லாமல் போகலாம். டிரைவரின் எல்298 உள்ளே ஷார்ட் ஆகி எல்லாவற்றையும் கீழே இழுத்துக்கொண்டிருக்கலாம். எல்லாம் சேர்ந்திருக்கும்போது எடுக்கிற எந்த அளவும் யாரையும் குற்றம் சொல்ல உதவாது. அதனால் முதல் வேலை பிரிப்பது. ஒவ்வொரு ஒயரும் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு, யூனோ, டிரைவர், ஒவ்வொரு சென்சார் என எல்லாவற்றையும் தனித்தனியாக மேஜையில் வையுங்கள். உலோகத் தகட்டின் மேல் வைக்காதீர்கள்.

மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து முதலில் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அரை ஓமோ ஒரு ஓமோ காட்டும். அது ஒயரின் தடை, இனி வருகிற அளவுகளில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பீப் சத்தத்தை நம்ப வேண்டாம். பல மீட்டர்கள் முப்பது, ஐம்பது ஓமுக்குக்கூட கத்தும். எண்ணைப் பாருங்கள்.

எதிலும் பேட்டரியோ யூஎஸ்பியோ இல்லாத நிலையில், யூனோவின் 5 வோல்ட் பின்னில் சிவப்பு, கிரவுண்டில் கறுப்பு. கெப்பாசிட்டர்கள் நிரம்புவதால் எண் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே போகும், நிற்கும் வரை பொறுங்கள். நல்ல போர்டில் 200 ஓம் அளவைத் தாண்டிப் போய்விடும். அப்போது மீட்டரை மேல் அளவுக்குத் திருப்பிக்கொள்ளலாம். 10 ஓமுக்குக் கீழே நின்றால் சந்தேகமே வேண்டாம், ஷார்ட்தான். புரோபை மாற்றி வைத்தால் எண் குறையும், அது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். புது யூனோ கைக்கு வந்ததும் அதிலும் இதே அளவை எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு நல்ல போர்டு பக்கத்தில் இருப்பதைப் போல உதவி இந்த வேலையில் வேறு இல்லை. டிரைவரின் 5 வோல்ட்–கிரவுண்ட், சென்சார்களின் விசிசி (சப்ளை பின்)–கிரவுண்ட் எல்லாவற்றுக்கும் இதே சோதனை.

யூனோவில் ஷார்ட் காட்டினால் உங்கள் அதிர்ஷ்டம், உங்களுடையது சிப்பைக் கழற்றுகிற வகை. சிப்பின் ஒரு முனையில் இருக்கிற பள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான சின்ன ஸ்க்ரூடிரைவரை சாக்கெட்டுக்கும் சிப்புக்கும் நடுவில் விட்டு, ஒரு முனையில் கொஞ்சம், மறு முனையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி நெம்புங்கள். ஒரே பக்கம் தூக்கினால் கால் வளையும். சிப்பைத் தொடும் முன் ஏதாவது தண்ணீர்க் குழாயையோ இரும்பு ஜன்னலையோ தொட்டுவிடுங்கள். கழற்றிய பிறகு மறுபடி 5 வோல்ட்–கிரவுண்ட் அளவுங்கள். ஷார்ட் மறைந்துவிட்டதா? பெரிய சிப் போய்விட்டது, மற்றபடி போர்டு தப்பியது. ஷார்ட் அப்படியே இருக்கிறதா? 16யூ2 சிப்போ, 5 வோல்ட்டை நிலையாக வைக்கிற ரெகுலேட்டரோ, ஒரு கெப்பாசிட்டரோ போயிருக்கும்.

கழற்றிய சிப்பைத் தனியாகவும் சோதிக்கலாம். இது பலருக்குத் தெரியாத சோதனை, மிகவும் உபயோகமானது. ஒவ்வொரு கால் உள்ளேயும் கிரவுண்டை நோக்கி ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கிறது. மீட்டரை டயோடு அளவில் வைத்து, சிவப்பு புரோபை கிரவுண்ட் காலிலும் கறுப்பை மற்ற கால்களில் ஒவ்வொன்றாகவும் வையுங்கள். பள்ளம் மேலே இருக்கும்படி பிடித்தால் இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3 என்று 14 வரை இறங்கி, வலப்பக்கம் கீழிருந்து 15 தொடங்கி 28 வரை ஏறும். 8, 22 இரண்டும் கிரவுண்ட்; 7, 20 சப்ளை. உள்ளீடு-வெளியீட்டுக் கால்களில் 500-க்கும் 700-க்கும் நடுவில், கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். ஒரு கால் மட்டும் 0 காட்டினாலோ, எதுவுமே காட்டாவிட்டாலோ அந்தக் கால் போய்விட்டது. சப்ளைக் கால்கள் 0 காட்டினால் சிப்பே போய்விட்டது.

சிப்பைக் கழற்றிய பிறகும் ஷார்ட் இருந்தால் எது என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். புதிய ஆல்கலைன் பென்சில் செல் ஒன்று, 1.5 வோல்ட், போதும். அதன் பிளஸ்ஸை யூனோவின் 5 வோல்ட் பின்னுக்கும் மைனஸ்ஸைக் கிரவுண்டுக்கும் பத்துப் பதினைந்து நொடி தொட வையுங்கள். 1.5 வோல்ட்டில் நல்ல சிப்புகள் விழித்துக்கொள்ளவே மாட்டா, அவற்றுக்கு ஆபத்தும் இல்லை. ஷார்ட் ஆன பொருளில் மட்டும் கரன்ட் பாய்ந்து அது மட்டும் சூடாகும். விரலால் தேடுவதற்குப் பதிலாக, மெடிக்கல் கடையில் கிடைக்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் போர்டில் மெல்லியதாகத் தடவுங்கள். சூடான இடத்தில் அது முதலில் காய்ந்துவிடும். செல்லைத் தொடுவதற்கு முன்பே பாட்டிலை மூடித் தள்ளி வைத்துவிடுங்கள். ஆல்கஹால் கிடைக்கவில்லை என்றால் ஏடிஎம் ரசீதுத் தாளின் வழவழப்பான பக்கத்தை வைத்து அழுத்திப் பாருங்கள். நன்றாகச் சூடேறிய இடத்தில் கறுத்துவிடும். லித்தியம் செல்லை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

16யூ2 தான் சூடாகிறது என்றால், அதை எடுக்கச் சூடான காற்றால் சால்டரை உருக்குகிற ஹாட் ஏர் கருவி வேண்டும். உங்கள் ஊர் மொபைல் சர்வீஸ் கடையில் எடுத்துத் தருவார்கள். அதை எடுத்துவிட்டாலும் பெரிய சிப் நல்ல நிலையில் இருந்தால் போர்டு ஓடும், ஏனென்றால் இரண்டுக்கும் தனித்தனி கிளாக். புரோகிராம் ஏற்ற மட்டும் தனி யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் வேண்டும். போட்டிக்கு இது வேண்டாம், ஆனால் வீட்டில் பழக இப்படி மீட்ட போர்டு அருமையானது.

ஷார்ட் எதுவும் இல்லை, அல்லது போய்விட்டது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் பேட்டரி. அதையும் நேராகக் கொடுக்காதீர்கள். பழைய டிவி மெக்கானிக்குகள் பழுதான பெட்டியை நேராக மெயினில் செருகாமல் ஒரு நூறு வாட் பல்பைத் தொடரில் போட்டுத்தான் செருகுவார்கள். சீரிஸ் பல்ப் என்று அவர்கள் சொல்கிற அந்த உத்தி உங்கள் ரோபோவுக்கும் அப்படியே பொருந்தும். ஆட்டோமொபைல் கடையில் 12 வோல்ட், 5 வாட் பார்க் லைட் பல்ப் ஒன்று வாங்குங்கள். எல்இடி வேண்டாம், உள்ளே இழை உள்ள பழைய வகை. அதைப் பேட்டரி பிளஸ்ஸுக்கும் போர்டுக்கும் நடுவில் தொடராக இணையுங்கள். யூனோ இழுப்பது சுமார் 50 மில்லி ஆம்பியர். குளிர்ந்த இழைக்கு அது ஒன்றுமே இல்லை, பல்ப் எரிவதே தெரியாது, போர்டுக்குக் கிட்டத்தட்ட முழு வோல்ட்டும் போகும். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும். கரன்ட் அரை ஆம்பியருக்குள்ளேயே நின்றுவிடும், புகை வராது. நீங்கள் நிதானமாகக் கழற்றலாம்.

முதலில் சிப் இல்லாத யூனோவின் ஜாக்கில் பல்ப் வழியாகப் பேட்டரியைக் கொடுத்து 5 வோல்ட் பின்னை அளவுங்கள். 4.9-க்கும் 5.1-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 6, 7 என்று காட்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது; உடனே கழற்றுங்கள். 3.3 வோல்ட் பின்னையும் பாருங்கள். இது சரியாக இருந்தால் பேட்டரியை எடுத்துவிட்டு யூஎஸ்பி கொடுங்கள். யூஎஸ்பி சிப் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது: பெரிய சிப்பை மாட்டாமலேயே 0, 1 என்ற இரண்டு பின்களையும் ஒரு ஒயரால் இணைத்து, சீரியல் மானிட்டரில் எதையாவது தட்டி அனுப்புங்கள். அனுப்பியதே திரும்பி வந்தால் 16யூ2 நன்றாக இருக்கிறது, பிழைத்தோம். அதற்கு அப்புறம் சிப்பை மாட்டுங்கள்.

சிப் போயிருந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் ஏடிமெகா328பி-பியூ என்று கேளுங்கள், பூட்லோடர் (யூஎஸ்பி வழியாகப் புரோகிராமை வாங்கிக்கொள்ள உதவும் குட்டிப் புரோகிராம்) ஏற்றியதா என்றும் கேளுங்கள். ஏற்றாத சிப் வந்தாலும் கவலை இல்லை. உங்கள் புது யூனோவில் 'ஆர்டுயினோஐஎஸ்பி' எடுத்துக்காட்டை ஏற்றி, 10 முதல் 13 வரை உள்ள பின்களை வைத்துப் பழைய போர்டில் இருக்கும் புதுச் சிப்புக்கு நீங்களே பூட்லோடர் ஏற்றலாம்.

சிப் ஓடுகிறது என்பதோடு நிற்காதீர்கள். அதிக வோல்ட் அடித்த சிப்பில் சில பின்கள் மட்டும் செத்து, மீதி நன்றாக ஓடுவதுண்டு. ஒவ்வொரு பின்னையும் ஹை, லோ என்று மாற்றி மீட்டரில் 5, 0 வருகிறதா பாருங்கள். அப்புறம் புல்-அப் உள்ளீடாக (எதையும் தொடாதபோது ஹையிலேயே நிற்கும்படி) வைத்து, கிரவுண்டில் தொடும்போது மாறுகிறதா பாருங்கள். அனலாக் பின் ஒவ்வொன்றையும் 3.3 வோல்ட் பின்னோடு இணைத்தால், 5 வோல்ட்டுக்கு 1023 என்ற கணக்கில், 675-க்குப் பக்கத்தில் படிக்க வேண்டும். லைன் ஃபாலோயருக்கு இது முக்கியம். ஒரு அனலாக் பின் கொஞ்சம் தப்பாகப் படித்தாலும் ரோபோ ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். நீங்கள் புரோகிராமில், கோட்டிலிருந்து விலகுவதைத் திருத்துகிற பிஐடி எண்களை மாற்றி மாற்றி நாட்களை இழப்பீர்கள்.

அடுத்தது டிரைவர். புது யூனோவைக் கொல்லக்கூடியது இதுதான், ஆகவே இதில் அவசரம் வேண்டாம். போர்டில் ஒரு 78எம்05 ரெகுலேட்டர் இருக்கிறது. பேட்டரியிலிருந்து 5 வோல்ட் செய்து தருவது அது. அது உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் 5 வோல்ட் முனையில் 8 வோல்ட் நிரந்தரமாக நிற்கும், அதில் எந்தப் போர்டை இணைத்தாலும் போய்விடும். டிரைவரைத் தனியாக, மோட்டார்கூட இல்லாமல், பல்ப் வழியாகப் பேட்டரியில் இணைத்து அந்த முனையை அளவுங்கள். 5 வந்தால் சரி. பக்கத்தில் உள்ள ஜம்பர் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் அங்கே 5 வோல்ட் வராது, அதைப் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

எல்298 சிப்பைச் சோதிக்க நல்ல வசதி ஒன்று உண்டு: அதற்குள் ஒரே மாதிரி இரண்டு சேனல்கள். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டாலே போதும். பேட்டரியை எடுத்துவிட்டு, மீட்டரை டயோடு அளவில் வைத்து, நான்கு மோட்டார் முனைகளையும் கிரவுண்டோடும் பேட்டரி பிளஸ்ஸோடும் இரண்டு திசையிலும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இரு திசையிலும் 0 என்றால் அங்கே ஒரு டயோடோ சிப்போ போய்விட்டது. எண்கள் சரியாக இருந்தால் பேட்டரி கொடுத்து, உள்ளீடு பின்களை அந்த 5 வோல்ட்டில் ஒரு ஒயரால் தொட்டு மோட்டார் இரண்டு பக்கமும் சுற்றுகிறதா பாருங்கள். மோட்டார் வைத்துப் பார்க்கும்போது பல்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 3 ஆம்பியர் கார் ஃபியூஸ் ஒன்றைப் போடுங்கள். பல்ப் இருந்தால் மோட்டாருக்குக் கரன்ட் போதாது. சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் டிரைவரைப் பழுது பார்க்காதீர்கள். புதியது வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பதினைந்து கால் சிப்பைக் கழற்றி மாற்றுகிற உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

சென்சார்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோதித்த யூனோவில் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எச்சி-எஸ்ஆர்04-ஐ மாட்டும் முன் மட்டும் விசிசி–கிரவுண்ட் ஓம் கட்டாயம்.

எல்லாம் தேறிய பிறகு சேர்க்கும்போது ஒரு மாற்றம் செய்யுங்கள். யூனோவின் 5 வோல்ட் பின்னுக்கு வெளியிலிருந்து சப்ளை கொடுப்பதை விட்டுவிடுங்கள். அந்தப் பின்னில் வருவது எந்த ரெகுலேட்டரையும் தாண்டாமல் நேராகச் சிப்புக்குப் போகிறது. இந்த விபத்தில் யூனோ மாட்டிக்கொண்டது அதனால்தான். பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை யூனோவின் 'வின்' (Vin, ரெகுலேட்டருக்குப் போகும் சப்ளை) பின்னுக்குக் கொடுங்கள். உள்ளே இருக்கிற ரெகுலேட்டருக்குச் சுமார் 1.2 வோல்ட் கூடுதல் இருந்தால் போதும், 6.2 வோல்ட் வரை பேட்டரி இறங்கினாலும் 5 வோல்ட் நிற்கும், அதாவது செல் ஒன்றுக்கு 3.1. வின் பின்னுக்குத் தலைகீழ் இணைப்பிலிருந்து பாதுகாப்பு கிடையாது, ஜாக்குக்கு மட்டும்தான் உண்டு. பிளஸ் மைனஸ் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சார்கள் யூனோவின் 5 வோல்ட்டில் இருக்கட்டும், டிரைவர் தன்னுடைய 5 வோல்ட்டைத் தானே செய்துகொள்ளட்டும். இரண்டு 5 வோல்ட்டையும் இணைக்காதீர்கள், கிரவுண்ட் மட்டும் பொது. அந்த 3 ஆம்பியர் ஃபியூஸும் பேட்டரி பிளஸ் ஒயரில் நிரந்தரமாக இருக்கட்டும். அப்புறம், ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் செல்கள் ஹோல்டரில் இருக்கக் கூடாது. சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்சுக்கு முன்னால் இருக்கிற முனைகளில் பேட்டரி இன்னும் இருக்கும்.

போட்டிக்குப் புது யூனோவையே எடுத்துப் போங்கள். மீட்ட போர்டு ஒரு வாரம் ஒழுங்காக ஓடலாம், மேடையில் சூடேறியதும் நின்றும் போகலாம். அதிக வோல்ட் பட்ட சிப்பின் ஆயுளை எந்த மீட்டரும் சொல்லாது. பழகுவதற்கும் புரோகிராம் எழுதிப் பார்ப்பதற்கும் பழையது இருக்கட்டும்.

இப்போதைக்கு எனக்கு மூன்று எண்கள் வேண்டும்: எல்லாவற்றையும் பிரித்த பிறகு யூனோவின் 5 வோல்ட்–கிரவுண்ட் ஓம், சிப்பைக் கழற்றிய பிறகு அதே ஓம், டிரைவரின் 5 வோல்ட்–கிரவுண்ட் ஓம். இந்த மூன்றும் பேட்டரி இல்லாமலே எடுக்கக்கூடியவை. எழுதி அனுப்புங்கள், எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.